ஜன்னியில் கிடந்த என்னை ஆத்தா என்று கும்பிட்டார்கள்

நான் பயந்த சுபாவம். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானாலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன். அம்மனைக் கும்பிடும் அக்கா தங்கைகள் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம். ஓசூரில் எங்கள் லைன் வீடுகளில் கூழ் ஊற்றக் காப்புக் கட்டியிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளந்துவிடும் போல வலி. "ஆடியில காய்ச்சல்னா அம்மா வந்திருக்கா. ஊசி மாத்திரை ஆகாது" என்று மாமியார் என்னை வேப்பிலையில் படுக்கவைத்தார். எனக்கும் அதுவே நிம்மதி. ஆஸ்பத்திரி என்றால் அவ்வளவு பயம்.

மறுநாள் சாயங்காலம் புத்தி தடுமாறியது. அது எப்படி இருந்தது என்று சொல்லப் பார்க்கிறேன்.

கம்பெனியில் நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் வேலை செய்தேன். அந்த ஒயர்கள் வீட்டுச் சுவரிலிருந்து வர ஆரம்பித்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள். நிற்கவே இல்லை. ஒன்றைக் கட்டாமல் விட்டாலும் அது என் மகளின் கழுத்தைச் சுற்றிவிடும். என் விரல்களோ தலையணை மாதிரி ஊதிக் கிடந்தன. சுவர் மூச்சு விட்டது. வீட்டுக்காரரின் முகத்தை வேறு யாரோ மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கனவென்றால் விழித்துக்கொள்ளலாம். எனக்குக் கண் திறந்துதான் இருந்தது.

கத்தினேன். என் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். லைன் முழுக்கக் கூடிவிட்டது. ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினேன். திருநீறு பூசிவிடச் சொல்லித் தட்டை நீட்டினார்கள். "தாயி, எம்மவனுக்கு இந்த வருசமாச்சும் பொண்ணு அமையுமா?" என்று ஒருத்தி காலில் விழுந்தாள். மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு தலையில் ஊற்றினார்கள். உடம்பு உதறியது. ஆத்தா ஆடுகிறாள் என்று குலவை போட்டார்கள். மகள் அழுதுகொண்டு வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டேனாம்.

பிறகு என் உள்ளங்கையில் வைக்கச் சூடம் கொளுத்தினார்கள். ஆத்தாவுக்குச் சுடாதல்லவா.

உள்ளே எங்கோ ஒரு மூலையில் நான் இருந்தேன். "தாயே, இது நீ இல்லைன்னு இவங்ககிட்ட சொல்லு." அதை மட்டும் திரும்பத் திரும்ப வேண்டினேன். வாய் வேறு எதையோ கத்தியது.

"பேடா, பேடா!"

வேண்டாம் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு வாசலில் ரத்னம்மா. தளிப் பக்கத்துக்காரி. வருசா வருசம் எங்களுக்குக் கரகம் எடுக்கிறவள், சாமி வருகிறவள். சூடத்தைத் தட்டிவிட்டாள். என் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தாள்.

"எம்மேல வர்றவள எனக்குத் தெரியாதா? இது அவ இல்ல. ஜன்னி. ஆட்டோ கூப்புடுங்க."

"சாமி குத்தம் ஆயிடும் ரத்னம்மா" என்றார் மாமியார்.

"ஆச்சுன்னா எனக்கே ஆவட்டும். தூக்குங்க!"

நான் வேண்டியது அவள் வாயில் வந்தது. இதை யார் எப்படிச் சொன்னாலும் சரி, எனக்கு அது அம்மனின் பதில்தான்.

ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிழைத்தேன். இடது காது கேட்பதில்லை. ஒயர் நிறம் பார்த்துக் கட்டக் கை வரவில்லை, வேலையும் போயிற்று. உடம்பு லேசாகச் சுட்டாலும் சுவரைத் தடவிப் பார்க்கிறேன். நான் சூடம் ஏற்றினால் மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.

"நீ அம்மாவா, ஆத்தாளா?"

"அம்மாதான்டி."

"சத்தியமா?"

பதில் சொன்னாலும் கிட்டே வரக் கொஞ்ச நேரம் ஆகிறது.

ஆனாலும் தினமும் விளக்கேற்றுகிறேன். முன்பெல்லாம் பயத்தில் கும்பிட்டேன். இப்போது அம்மன் கேட்கிறாள் என்று தெரிந்து கும்பிடுகிறேன். நீங்களும் அவளை நம்புங்கள். காய்ச்சலில் பிதற்றுகிறவளைக் கும்பிட்டு நிற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அம்மனும் கூடவே ஓடி வருவாள்.