அம்மா கேட்ட ஞானம்

பேத்தி அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினாள். அந்த வாசனை என்னைச் சிறுவயதுச் சிவகாசி முற்றத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே நாங்கள் ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகள் காய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று மேகம் மூடியது. ஈரத்தோடு அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழையில் விட்டால் கூழாகிவிடும். அம்மா முழங்காலிட்டு, "ஞானம் தாரும் ஆண்டவரே" என்றாள். எழுந்ததும், சண்டைபோட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் போனாள். ஆடு மேய்க்கும் அவளுக்கு வானம் பார்க்கத் தெரியும். நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மாவின் ஜெபம் முத்தம்மா காதிலும் விழுந்திருந்தது.

"என்ன, உங்க சாமி பதில் சொல்லலையாக்கும்?"

"சொன்னாரு. உங்கிட்டக் கேக்கச் சொன்னாரு."

முத்தம்மா சிரித்துவிட்டாள். "அள்ளாத தாயி. இது வெறும் காத்து மேகம்."

மேகம் கலைந்தது. கூடுகள் காயும்வரை இருவரும் பேசித் தீர்த்தார்கள்.

இன்றும் ஆமென் சொன்னதும், பதிலை ஆண்டவர் யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறாரோ என்று சுற்றிப் பார்க்கிறேன்.