ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹெட்போன்

அம்மாவுக்குக் காது போனது வயதினால் இல்லை, மில்லினால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாராவது "வயசாச்சுல்ல" என்று இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காது மந்தமானபோது அவளுக்கு நாற்பது கூட ஆகவில்லை.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து நடந்து போகிற தூரம். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சங்கக் கொடி ஏறிய காலத்தில், ஒரு சம்பா அறுப்புக்கு ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் வந்தது. அப்போது மிராசுதாரின் காரியக்காரரைப் பார்த்து, "கூலி அளக்கிற ஒங்க மரக்காலைக் கொண்டாங்க, கடைத்தெரு மரக்காலையும் கொண்டாறோம், ரெண்டையும் அளந்து பாத்துடுவோம்" என்று கேட்டவள் அம்மா. பேச்சுவார்த்தை நடந்தது, அரைப்படி கூடியது, எல்லோரும் வயலில் இறங்கினார்கள். மரக்காலைப் பற்றிக் கேட்டவளை மட்டும் அதன் பிறகு நடவுக்கோ களைக்கோ யாரும் கூப்பிடவில்லை. கூடின அரைப்படியை வாங்கித் தின்றவர்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் சோறு போட வேண்டுமே என்று அம்மா நெல் அரைக்கிற மில்லுக்குப் போனாள். அரவை மிஷினுக்கு ஒரு கை தூரத்தில் நின்று தவிடு அள்ளிச் சாக்கில் கட்டும் வேலை. பன்னிரண்டு வருடம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று இருக்கிறது என்று அதன் விலையையும் சொன்னார். நான் அப்போது சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். விலையைக் கேட்டதும் சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

காது கேட்காத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு ஒரு கெட்ட வசதி வந்துவிடுகிறது. ரகசியம் பேச யாரும் கொல்லைப்பக்கம் போக வேண்டியதில்லை. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது, அடமானம் வைத்த என் தோடு மூழ்கிப்போனது, எல்லாமே அம்மாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டே பேசப்பட்டவை. "அதுக்குத்தான் கேக்காதே" என்பது எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற வார்த்தை. அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாள். யாராவது சிரித்தால் அவளும் சிரிப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிற பழமொழியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். மரியாதையாம்!

அண்ணன் சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போனான். கடிதம் எழுதுவது அவனுக்குப் பிடிக்காது. கேசட்டில் பேசி அனுப்புவான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களில் கூத்தாநல்லூர்க்காரர்கள் இரண்டு பேர். அவர்களில் யார் ஊருக்கு வந்தாலும் கேசட் வரும், ஒரு சோப்பு வரும், ஒரு தடவை டேப் ரெக்கார்டரே வந்தது. ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி. நான் திருவாரூர் போய் பஸ் மாறி, அவர்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு வாங்கி வருவேன்.

கேசட் வந்துவிட்டது என்று தெரிந்தால் தெருவே வந்துவிடும். எங்கள் காலனியில் அதுதான் வழக்கம். கேசட் யாருக்கு வந்தாலும் பெட்டியை வாசலில் வைத்துத்தான் போட வேண்டும். அண்ணனுக்கும் அது தெரியும். அதனால் எதிர்வீட்டு அத்தையில் ஆரம்பித்து வாய்க்கால் கரை வீடு வரைக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பான். அம்மா பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உள்ளே சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் எதிர்வீட்டு அத்தை அவள் காதில் வாய் வைத்து, "நல்லா இருக்கானாம்" என்று கத்துவாள். ஒரு மணி நேரப் பேச்சு அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையாகத்தான் போய்ச் சேரும்.

ஒரு தடவை எல்லோரும் கலைந்து போன பிறகு, நான் பெட்டியைத் துடைத்து உறை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டாள்.

"அவன் குரலு இன்னும் அப்படியேதான் இருக்கா? மாறிப்போச்சா?"

தலையை ஆட்டினேன். அப்படியேதான் இருக்கிறது என்றா, மாறிவிட்டது என்றா, எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். பெற்ற பிள்ளையின் குரலை ஊரே கேட்கிறது, பெற்றவளுக்குக் கேட்க வழி இல்லையா?

பஸ்ஸில் ஒரு பையன் காதில் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கொஞ்சம் கேட்டது. காதோடு ஒட்டி வைத்தால் அம்மாவுக்கு எட்டாமலா போகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த சம்பளம் வாங்கியதும் கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் பாய் பல வருடம் வெளியே இருந்துவிட்டு வந்தவர். பஞ்சு வைத்த சின்னதைக் காட்டினார். அம்மாவின் காதைப் பற்றிச் சொன்னேன். அதை உள்ளே வைத்துவிட்டு, அலமாரியின் அடியிலிருந்து தேங்காய் மூடி அளவுக்குக் காதை மூடுகிற பழையது ஒன்றை எடுத்தார். யாரோ கொண்டுவந்து போட்டதாம். காது மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுச் சின்னதைவிட விலை குறைவு. "பாக்கத்தான் இப்படி. சத்தம் யானைப் பலம்" என்றார்.

அதன் வயர் நுனியில் சொருகுகிற முள் முழுப் பென்சில் தடிமன். எங்கள் பெட்டியின் ஓட்டையோ பென்சில் முனை போகிற அளவு. பாய் ஒரு டப்பாவைக் கொட்டித் தேடி, தடித்த முள்ளைச் சொருகினால் மெல்லிய முள்ளாக மாற்றித் தருகிற ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ரெண்டு காது செட்டு. ஒங்க பெட்டி ஒத்தை ஸ்பீக்கர் பெட்டி. சொருகினா ஒரு பக்கம்தான் பேசும். ஞாபகம் வச்சுக்குங்க."

"எங்கம்மாவுக்கும் ஒரு காதுதான் பேசும், குடுங்க பாய்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வாய் அப்படி.

வீட்டில் இரண்டு நாள் வேலை இருந்தது. உதிர்ந்த மெத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய உள்பாவாடைத் துணிக்குள் இலவம்பஞ்சு வைத்து இரண்டு வட்டம் தைத்தேன். எங்கள் வீட்டுக் கரண்டு குடிசைக்கு ஒரு பல்பு என்று அரசாங்கம் கொடுத்த கரண்டு. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் வயரைச் சொருகினால் பெட்டி இரைந்தது. அதனால் பேட்டரிக் கட்டைகளை ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்தேன். அம்மாவின் கொண்டை ஹெட்போனின் பட்டையில் இடித்தது. கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சொல்லவில்லை.

பிறகு கேசட்டைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றையும் நானே ஹெட்போனில் போட்டு, "எல்லாரும் சௌக்கியமா" என்று அண்ணன் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஏசி இரைச்சல். ஒன்றில் அறைக்காரர்கள் எதையோ தாளிக்கிறார்கள். ஒன்றில் லாரி. ஒரே ஒரு கேசட்டில்தான் எந்தச் சத்தமும் இல்லை. அவன் குரல் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் துல்லியமாக. இதுதான் என்று எடுத்து வைத்தேன். அது மட்டும் ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை உட்காரவைத்தேன். அன்று வாசலில் பெட்டி இல்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும் மூக்கில் வியர்த்து வந்து சேர்ந்தாள். மாட்டினேன், போட்டேன், சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் முதலில் பாயைத் திட்டினேன், பிறகு பேட்டரியைத் திட்டினேன், அண்ணன் அனுப்பிய பெட்டியையும் திட்டினேன். ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்தபோது இடது பக்கம் மட்டும் கொசு மாதிரி பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாய் சொன்னது உறைத்தது. அம்மாவின் செத்த காதில் பேச வைத்திருக்கிறேன். பக்கம் மாற்றி, பேசுகிற மூடியை வலது காதில் வைத்தேன்.

அம்மாவின் கை தன்னால் எழுந்து அந்த மூடியை அழுத்திக்கொண்டது.

"டேய்" என்றாள்.

எனக்கு அது போதும். எதிர்வீட்டு அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். முள் சொருகியிருந்ததால் ஸ்பீக்கர் பேசவில்லை. அண்ணன் என்ன சொல்கிறான் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தையைப் பற்றி ஏதோ கிண்டல் வந்திருக்க வேண்டும், சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. புருவம் சேர்ந்தது.

அத்தைதான் என் தொடையைக் கிள்ளினாள். "ஏண்டி, இது எந்தக் கேசட்டு? ஆஸ்பத்திரியிலேருந்து பேசினதா?"

அதேதான். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த கேசட் அது. கம்பி வெட்டுகிற மிஷினில் அண்ணனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரி அறையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பேசியிருந்தான். அதனால்தான் அந்தச் சுத்தம். "அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும். இருக்கட்டும், அதுக்குத்தான் கேக்காதே" என்று சொல்லிவிட்டு விரலைப் பற்றிச் சொல்லியிருந்தான். அன்று வாசலில் முப்பது பேர் அதைக் கேட்டோம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். கேசட் முடிந்ததும் அத்தை வழக்கம்போல அம்மா காதில் "நல்லா இருக்கானாம்" என்று கத்தினாள். அதை நாங்கள் யாரும் பொய்யாகவே நினைக்கவில்லை.

முள்ளைப் பிடுங்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் சாக்குக் கட்டிய பிடி. அந்தப் பக்கம் முடிந்து பொத்தான் தானாக எழும்பும் வரைக்கும் விடவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கைடி?" என்றாள்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். எங்களுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முப்பது பேருக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகிறது, அதற்கிடையில் நான் இரண்டு கேசட் பேசி அனுப்பியிருக்கிறேன், எந்தக் கை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வெட்கம் மாதிரி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

காலிக் கேசட் ஒன்றைப் போடச் சொன்னாள். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அம்மாவுக்குத் தன் சத்தம் தெரியாது. அவள் பேசினால் வாய்க்கால் கரைக்குக் கேட்கும். அன்றும் கேட்டது.

"எந்தக் கைடா? சொல்லு. எனக்கு இப்பக் காது கேக்குது. இனிமே எங்கிட்டப் பேசு."

அவ்வளவுதான். மற்ற இடத்தையெல்லாம் காலியாகவே விட்டு அனுப்பினோம்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. கேசட் வந்த செய்தி பரவி, தெரு வழக்கம்போல வாசலில் கூடிவிட்டது. அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தானே பக்கம் மாற்றி மாட்டி, முள்ளைச் சொருகினாள். முப்பது பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் சிரித்தபோது சிலர் சிரித்தார்கள். என்ன சொல்றான் என்று அத்தை ஜாடையில் கேட்டாள்.

"சும்மா இரு, பேசிக்கிட்டு இருக்கான்" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் இடது கையை எடுத்துப் பார்த்தாள். கடைசி விரலையும் அதற்கடுத்ததையும் மடக்கினாள். மீதி விரல்களை நீட்டி நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எடது கைதான். சோத்துக் கைக்கு ஒண்ணும் இல்லையாம்."