வராத துரைக்கு ஒரு டிக்

அவள் டிக் அடிப்பதைப் பார்த்துத்தான் ஊர்க் கடிகாரங்களெல்லாம் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். சரி, ஊர்க் கடிகாரம் என் கைச்சரக்கு. அலுவலகப் பியூன் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார், அவ்வளவுதான். அவர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் பருத்திக் கிடங்கின் வருகைப் பதிவேட்டுக் குமாஸ்தா. நம் பஞ்சைக் கப்பலேற்றி, துணியாக்கி, திரும்ப நம் தலையிலேயே கட்டிய வெள்ளைக்காரர்களின் கிடங்கு அது. சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, பதிவேடு மட்டும் மாறவில்லை. அதில் முதல் பெயர் இன்னும் கிடங்கின் அதிகாரியாயிருந்த வெள்ளைக்காரத் துரையுடையது. பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாமலே அவர் கப்பலேறிவிட்டார். கையெழுத்தில்லாமல் பெயரை நீக்க விதியில்லை. ஆகவே ஒருவர் பின் ஒருவராக வந்த குமாஸ்தாக்கள் தினமும் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவந்தார்கள்.

கிடங்கை மூட உத்தரவு வந்தது. அவள் கணவர் வேறு ஊரில் படுத்த படுக்கை. அந்த ஊருக்கே மாற்றலும் கிடைத்துவிட்டது. ஆனால் பதிவேட்டை முடித்தால்தான் அவளை விடுவிப்பார்கள். துரை ஒப்படைக்காமல் பதிவேடு முடியாது.

"ஒரே ஒரு நாள் வந்ததா டிக் போட்டு, கையெழுத்தையும் நீங்களே கிறுக்கிடுங்கம்மா," என்றார் பியூன். "செத்தவன் வந்து கேக்கவா போறான்?"

"உங்க வாயில நல்லதே வராதாண்ணே?"

முப்பது வருஷத்தில் முதல் பொய். துரை பெயருக்கு நேரே டிக் அடித்தாள். கையெழுத்தைக் கிறுக்கத்தான் கை வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் திறந்தால், அன்றைய கட்டத்திலும் ஒரு டிக். மை இன்னும் காயவில்லை. பூட்டிக் கிடந்த துரை அறைக்குள் மேசைமணி ஒருமுறை அடித்தது.

"நீங்க போங்கண்ணே."

"ஒரு மணின்னா குமாஸ்தாவுக்கும்மா. எனக்கு ரெண்டு அடிக்கணும்."

ஒப்படைப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து உள்ளே போனாள். யாருமில்லை. நாற்காலியின் பிரம்பு மட்டும் ஆள் கனத்தில் தொய்ந்திருந்தது. புதுப் பஞ்சின் வாசனை. கிடங்குக்குப் பஞ்சு வந்தே பத்து வருஷமாகிறது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனா கீறும் சத்தம் கேட்டது. அவள் திரும்பியபோது பிரம்பு மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

கையெழுத்து இருந்தது. கூடவே 'பொறுப்பேற்பவர்' என்ற இடத்தில் அவள் பெயரும் இருந்தது.

பிறகென்ன, அவளிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் இன்றைக்கும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"சும்மா அளக்காதீங்கம்மா," என்கிறார் என் பக்கத்திலிருக்கும் பியூன். "அந்தம்மா அன்னைக்குச் சாயங்கால பஸ்லயே வீட்டுக்காரர்கிட்ட போயிடுச்சு. போன வாரம்கூட போன்ல பேசினேன், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. கிடங்குச் சாவி என்கிட்டதான் இருக்கு, தினமும் போய்ப் பாக்குறேன். அங்க யாருமில்ல. பதிவேட்டுல அந்தம்மா பேருக்கு நேரா டிக் மட்டும் ஒரு நாளும் தவறாம விழுது."