உம்மா காட்டிய ஈரல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கிண்ணியாவில் ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் கலியாணத்துக்கென்று உம்மா கோழி வளர்த்தாள். நாள் நெருங்கும்போது கோழிகளுக்குச் சளி பிடித்தது. அக்கரையில் துறைமுகத்தில் வேலை செய்த வாப்பா ஆஸ்பத்திரிக் குளிசைகளைக் கொண்டுவந்து, தூளாக்கித் தவிட்டில் கலக்கச் சொன்னார். காலையில் உம்மா கொடுத்தாள். அது தெரியாமல் மத்தியானம் ராத்தா கொடுத்தாள். மாலையில் தோணியால் இறங்கிய வாப்பா, பெண்கள் மறந்திருப்பார்கள் என்று தானும் கொடுத்தார். எங்கள் வீட்டில் அக்கறைக்கு ஒருநாளும் குறைவில்லை.

சளி போனது. பிறகு கோழிகளும் போகத் தொடங்கின. செத்த ஒன்றை உம்மா கீறிப் பார்த்தாள். ஈரல் மஞ்சள் பூசியதுபோல வெளுத்து, தொட்டதும் உதிர்ந்தது. மூன்று பேரும் கொடுத்த கதை அப்போதுதான் வெளியே வந்தது.

"என்ட கையாலயே கெட்டுப்போச்சு. இந்தக் கலியாணம் எனக்கு வேணாம் உம்மா" என்று ராத்தா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். நல்லநாளுக்கு முன் தன் கையால் உயிர் போனது கெட்ட சகுனம் என்பது அவள் பயம்.

உம்மா அந்த ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிணற்றடியில் கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கினாள். முந்தின வருசம் வாப்பாவுக்குக் கண் மஞ்சளித்தபோது அரைத்துக் கொடுத்த அதே செடி.

"என்னையும் கோழியையும் ஒண்டாக்கிட்டியே புள்ள!" என்றார் வாப்பா.

"கோழி சொல்லுக் கேட்கும். நீங்கதான் கசக்குதெண்டு துப்பினீங்க."

செடியை அரைத்து எருமை மோரில் கரைத்து, ஒவ்வொரு அலகாகத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். மண்ணில் தலை சாய்த்துக் கிடந்தவை மெல்ல எழுந்தன. வெளுத்த கொண்டைகளில் சிவப்பு ஏறியது. ஒருநாள் விடியலில் சேவல் கூவியது. அல்லாஹ்வே, ஒரு பச்சை இலைக்குள் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்தாய் என்று நான் அந்தச் செடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

கலியாணத்தன்று வாப்பா அறுத்த முதல் கோழியின் ஈரலை உம்மா கையில் வாங்கினாள். கருஞ்சிவப்பாக, ஈரமாக மினுங்கியது. கடைக்குட்டியான எனக்குத்தான் எப்போதும் ஈரல், தட்டோடு ஓடினேன். உம்மா என்னைத் தாண்டி, பயம் தெளியாமலே சோடித்திருந்த ராத்தாவிடம் போய் உள்ளங்கையை விரித்தாள். ராத்தா பார்த்தாள், உம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். எனக்கு வந்தது கோபம். கலியாணப் பெண்ணுக்குப் பச்சை ஈரலை ஏன் காட்ட வேண்டும், அவள் ஏன் அழ வேண்டும், என் பங்கு எங்கே? அன்று முழுக்க நான் சோறு தின்னவில்லை.

பொறு, எனக்கு இப்போதுதான் ஏதோ விளங்குகிறது. எங்கே, எழுதினதை வாசி மகள். ராத்தாவுக்கு உம்மா கையை விரித்துக் காட்டின இடத்திலிருந்து வாசி.