சீனக் கலகக்காரர்களுக்கு ஷிப்ட் போட்ட கதை

மகள் ஆடும் ஜப்பானிய வீடியோ கேம், நூற்றுச் சொச்சம் கலகக்காரர்கள் திரண்டு அதிகாரிகளை எதிர்க்கும் பழைய சீன நாவலிலிருந்து உருவியது என்று எங்கள் குவார்ட்டர்ஸே அதிரப் பிரசங்கம் செய்தேன். நாவலை முழுக்கப் படித்தவன் என்ற திமிர்.

"அப்ப நீங்களே ஆடிக் காட்டுங்கப்பா," என்றாள்.

முதல் சண்டையிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களை முன்னால் நிறுத்தி, பழையவர்களைப் பின்னால் பத்திரப்படுத்தினேன். சுரங்கத்தில் இருபது வருடமாக ஷிப்டுக்கு ஆள் ஒதுக்குகிறவன். கை தானாக அப்படித்தான் போயிற்று. புதியவர்கள் வரிசையாகச் செத்தார்கள்.

"இங்கயும் உங்க சுரங்கம் மாதிரி ஆபத்துக்கு கான்ட்ராக்ட் ஆளுங்கதான் முன்னாடியா? அந்த நாவல்ல நீங்க அதிகாரிங்க பக்கம்பா," என்று மகள் சிரித்தாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து ஊரான மந்தாரக்குப்பம் வரை நடந்தேன். அன்று எனக்கு வார விடுமுறை.