சூடாமணி மாமியும் நூற்று நாற்பத்து மூன்று அட்டைகளும்

தபால் அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சூடாமணி மாமி முதலில் முத்திரையைத்தான் பார்ப்பார். அப்புறம் கையெழுத்து. அப்புறம் மையின் நிறம். என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிப்பது கடைசியில்தான்.

தியாகராய நகரில் நான் முன்பு பிழை திருத்திக்கொண்டிருந்த வார இதழில், வாசகர் கடிதங்களுக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு எதிர் மேஜை. மயிலாப்பூரில் வீடு. கடையில் நிறுத்து வாங்கிய கத்தரிக்காயை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். கைக்கடிகாரத்தை நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதையும் நம்பாமல் என்னிடம் மணி கேட்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், அவர் போன பிறகு, "எங்கேயோ இடிக்கறதே!" என்பார்.

போன வருஷம், சுதந்திரப் பொன்விழாவுக்காக இதழில் ஒரு போட்டி வைத்தார்கள். 'நம் நாட்டு வரலாற்றில் ஆகப் பெரிய தலைவர் யார்? ஏன்?' ஒருவருக்கு ஓர் அட்டை. கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டியது மாமி.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி ஒரே கையெழுத்தில் நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள் வந்தன. எல்லாம் சிந்தாதிரிப்பேட்டை முத்திரை. பெயர்கள் மட்டும் வேறு வேறு. முக்கால்வாசி காமராசருக்கு.

"பார்த்தேளா? எவனோ உக்காந்துண்டு ஊருக்கே ஓட்டுப் போட்டிருக்கான்" என்றார். ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கினார். ஆனால் ஒதுக்கியதோடு விட அவரால் முடியவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினார். துணைக்கு நான்.

அங்கே விசாரித்ததில், தபால் நிலையத்துக்கு எதிரே மணியார்டர் ஃபாரமும் மனுவும் எழுதித் தரும் குலாம் ரசூலின் கையெழுத்து அது. மாமி அட்டைக் கட்டை அவர் முன்னால் வைத்தார்.

"இதுக்கு எந்தக் கட்சி உங்களைப் பிடிச்சுது?"

"இன்னாம்மா, சிஐடியா நீங்க? மீன் மார்க்கெட்டு பொம்பளைங்க. எழுதத் தெரியாது. நான் பத்திரிகை படிச்சிக்கினு இருந்தேன், கேட்டுக்கினு இருந்தாங்க. 'எங்களுதையும் எழுது நைனா'ன்னாங்க. சொன்னாங்கோ, எழுதினேன்."

மாமி நம்பவில்லை. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். இசக்கியம்மாள் என்ற பெயர் போட்ட அட்டையைக் கையில் கவிழ்த்துப் பிடித்தபடி, அந்தம்மாளைத் தேடிப் பிடித்தார்.

"போட்டிக்கு யாரைச் சொன்னேள்?"

"காமராசரை." கையில் வஞ்சிர மீன். கத்தி நிற்கவில்லை.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? எலக்சன்ல தோத்தாரு. சனங்க சொல்ட்டாங்கன்னு வூட்டுக்குப் போய்ட்டாரு. எங்க மார்க்கெட்டு சங்கத் தலைவரு கீறாரே, தோத்து மூணு வருசம் ஆவுது, இன்னும் ஆபீசு சாவியத் தர மாட்றாரு! எழுந்து போவத் தெரிஞ்சவன்தாம்மா பெரியவன்."

மாமி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதே பதில். கொஞ்சம் திருத்தமான தமிழில் இருந்தது; சங்கத் தலைவரின் சாவியைக்கூட குலாம் ரசூல் விடவில்லை. இன்னும் நாலு பேரைப் பிடித்துக் கேட்டார். நாலாவது பெண் நேரு என்றாள். அட்டையிலும் நேரு. அங்கேதான் மாமியின் முகம் மாறியது. "பொய் பண்றவன் இதுக்கு மெனக்கெட மாட்டான்" என்று முணுமுணுத்தார். திரும்பி வரும்போது அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலக மாடிப்படியில் அச்சகத்திலிருந்து வந்த பொன்விழா இதழின் மேலட்டைகள் அடுக்கியிருந்தன. 'வாசகர்கள் தேர்ந்தெடுத்த மாபெரும் தலைவர்!' கீழே வேறொரு தலைவரின் வண்ணப் படம். அன்றைக்குத் தேதி இருபத்திரண்டு. மாமி ஒரு மேலட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

முப்பத்தொன்றாம் தேதி கணக்கு முடிந்தது. காமராசர் எழுபத்தாறு அட்டை முன்னால் இருந்தார். ஆசிரியர் பத்ரிநாராயணன் சார் தானே தயாரித்த முடிவுத் தாளோடு வந்தார். அதில் சிந்தாதிரிப்பேட்டைக் கட்டு முழுவதும் செல்லாது என்று தட்டச்சாகியிருந்தது.

"ஒரே கையெழுத்து மாமி. நீங்கதானே முதல்ல ஒதுக்கினேள்?"

"ஒதுக்கினேன். போய்ப் பார்த்தேன். அத்தனையும் நிஜம்."

"மேலட்டை முன்கூட்டியே அடிச்சாகணும். ஜனங்க எப்படியும் இவரைத்தான் சொல்லுவான்னு நெனச்சோம். இதுல என்ன இருக்கு? எல்லாரும் பெரியவாதானே?"

"பெரியவாதான் சார். ஜனங்களை எதுக்குக் கேட்டேள்?"

மாமிக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவரை நினைத்துப் பயமாக இருந்தது.

"சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கோ மாமி, கம்போசிங் காத்திண்டிருக்கு."

மாமி தாளை ஒரு முறை முழுக்கப் படித்தார். மேஜைமேல் அதை மெதுவாக, எழுத்துகள் ஆசிரியரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் பக்கமாக நீட்டினார்.