பார்க்கிங்கில் பார்த்த பிரித்தானியா

பிரித்தானியாவில் நான் பார்க்காத இடமில்லை என்று பாரிசில், லாச்சப்பலில் என்னோடு வேலை செய்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் போனேன், எடின்பரோ போனேன், வேல்ஸில் மூன்று கோட்டைகளுக்குப் போனேன். உள்ளதைச் சொன்னால், நான் பார்த்ததெல்லாம் அந்த இடங்களின் பார்க்கிங்குகளைத்தான். எங்கே நிழல் விழும், கழிப்பறை எந்தப் பக்கம், காரை எப்படி விட்டால் முகத்தில் வெயில் அடிக்காது என்று கேட்டால் சொல்வேன். ஸ்டோன்ஹெஞ்சில் கல் எத்தனை என்று கேட்காதீர்கள்.

எனக்கு உணவகக் குசினியில் வேலை. கிழமைக்கு ஆறு நாள் புறநகரான செவ்ரானிலிருந்து ரயிலேறி வந்து அடுப்படியில் நிற்கிறேன். விடுமுறை வந்தால் கலே துறைமுகம் வரை காரை ஓட்டி, கப்பலேறி, அந்தப் பக்கம் இறங்கி, பழக்கமில்லாத இடது பக்கத்தில் பயந்து பயந்து ஓட்டவேண்டும். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இடம் வந்து சேர்ந்ததும் என் வேலை முடிந்துவிடும். அவளும் மகளும் இறங்கிப் போவார்கள். நான் கதிரையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவேன்.

மகளுக்குப் பத்து வயதில் ஜியோகேஷிங் பைத்தியம் பிடித்தது. யாரோ முகம் தெரியாத ஆட்கள் மலையிலும் காட்டிலும் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைக்கிறார்கள். இடம் போனில் வரும். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். எழுதாவிட்டால் கண்டுபிடித்ததாகச் செல்லாது. பரிசு என்று ஒன்றும் கிடையாது. இதற்கா இவ்வளவு பெற்றோல் என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன்.

போன வருடம் ஒருநாள் அவள் படமெடுத்து வைத்திருந்த தாள்களைப் போனில் காட்டினாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய எழுத்தில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது என்னுடையது.

"நான் ஒரு இடத்துக்கும் வரேல்லையே. இது கள்ளமெல்லே?" என்று கேட்டேன்.

அவள் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்பவள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "நீங்கள் கார் ஓடாட்டி நாங்கள் எப்பிடி வாறது?"

அடுத்த முறை நானும் ஏறி வருவேன், கட்டாயம் நித்திரை கொள்ளமாட்டேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த முறை என்பது இந்தக் கோடை. செப்டெம்பரில் அவள் படிப்புக்குத் தெற்கே துலூஸ் நகருக்குப் போகிறாள். இனி எங்களோடு ஒரே காரில் இப்படி அலைய வருவாளோ தெரியாது. அவள் தேர்ந்தெடுத்திருந்தது டார்பிஷயரில் ஒரு சின்ன மலை, இருபது நிமிட ஏற்றம். லண்டனில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டோம்.

ஆனால் எங்கள் ஆட்கள் லண்டனுக்குப் போனால் வழியில் இருக்கும் சொந்தக்கார வீடுகளைத் தாண்டிப் போக முடியாது. ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாமல் வந்தால், அந்தக் கதை நாங்கள் கலே வந்து சேர முன்னரே பாரிசுக்கு வந்துவிடும். முதல் வீட்டில் இடியப்பம். இரண்டாவது வீட்டில் தேத்தண்ணியும் கேக்கும். மூன்றாவதாக வந்தது மனைவியின் பெரியம்மா வீடு. வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நிறுத்தினோம்.

"பாரிசிலையிருந்து வந்திட்டு வாசல்லை நிண்டிட்டுப் போறதோ? சோறு போட்டாச்சு, வாங்கோ" என்றார் பெரியம்மா.

பதினொரு மணிக்குச் சோறும் ஆட்டுக்கறியும். மகள் தட்டைத் தொடவில்லை. நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். போதும் என்று கையை மறித்தால் கறி சரியில்லை என்று அர்த்தம் எடுப்பார்கள். நான் சமையல்காரன் வேறு, என் வாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு நான் விட்ட பிழை அதுதான். மூன்று மணித்தியாலம் ஓட்டி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது கண்ணிமை கல்லாகக் கனத்தது. மகள் டிக்கியைத் திறந்து சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் கட்டி முடிக்கும் வரைக்கும்தான் என்று தலையைச் சாய்த்தேன்.

விழித்தபோது இரண்டு மணித்தியாலம் போய்விட்டிருந்தது. என் மேல் அவளுடைய ஜாக்கெட் கிடந்தது. அவள் பக்கத்து சீட்டில் இருந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போய் வந்துவிட்டார்கள்.

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"செ போன், அப்பா" என்றாள். பரவாயில்லை, விடுங்கள் என்கிற அர்த்தத்தில். கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தக் குரலில் கோபமில்லை, எதிர்பார்ப்பும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"போனைத் தா" என்றேன். மனைவி பின் சீட்டிலிருந்து, "இப்ப உதிலை ஏறி என்ன செய்யப் போறியள்?" என்றாள். போனை வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

இருபது நிமிடம் எனக்கு நாற்பது ஆனது. மழை தூறியது. இடிந்த கல்மதிலின் அடியில், தட்டைக் கல் ஒன்றுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. நனையாமல் சட்டைக்குள் பிடித்துக்கொண்டு தாளை விரித்தேன். கடைசி வரியில் அவளுடைய எழுத்து. இரண்டு பெயர்தான் இருந்தது.

எத்தனையோ இடத்தில் கேட்காமலே எழுதியவள், இந்த முறை எழுதவில்லை. வருவேன் என்று நான்தானே சொன்னேன். இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் இன்னொன்று எழுத இடம் இருந்தது. எனக்காக விட்டாளா, சும்மா அப்படி அமைந்ததா தெரியவில்லை. எழுதிவிடலாம் என்று சட்டைப் பையைத் தடவினேன். பேனை இல்லை. பெட்டிக்குள்ளும் ஒன்றும் இல்லை.

இறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினேன். "பேனை ஒண்டு தா."

அவள் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். "வாறியோ?" என்று கேட்டேன். களைப்பாக இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். நியாயம்தான். தனியாகத் திரும்ப ஏறினேன். அந்த இடைவெளியில் என் பெயரை எழுதி, கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை என்று படமெடுத்துக்கொண்டு, காட்டும் அவசரத்தில் வழுக்கி வழுக்கி இறங்கினேன்.

அவள் கதிரையைச் சாய்த்துப் போட்டு நல்ல நித்திரை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். பின் சீட்டிலிருந்து மனைவி உதட்டில் விரலை வைத்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அது அவளுக்குப் பழகிய சைகை என்று பார்த்தவுடனே தெரிந்தது. காட்டுவதற்கு ஏதோ ஒன்றைக் கொண்டு ஓடி வந்து, இந்தக் கண்ணாடிக்கு வெளியே இப்படி எத்தனை தரம் என் பிள்ளை நின்றிருப்பாள்.

கையை இறக்கினேன். போனை நனையாமல் பிடித்துக்கொண்டு, அவள் எழும்பும் வரை வெளியிலேயே நின்றேன்.